கால் மைல் பாதைகள்

இரண்டு மோட்டார் வாகனங்கள் அருகருகே அசையாமல் நிற்கும். கொடி அசைந்ததும் இரண்டும் ஒருசேரப் பாயும். நேரான பாதை, வளைவோ திருப்பமோ கிடையாது. கால் மைல், அதாவது 1320 அடி தூரத்தில் எல்லைக் கோடு. அதை முதலில் கடந்த வண்டிக்கு வெற்றி. தோற்ற வண்டி ஒதுங்கிக்கொள்ள, வென்ற வண்டி அடுத்த இணையோடு மீண்டும் வந்து நிற்கும். அமெரிக்கர்கள் ‘டிராக் ரேஸ்’ என்று அழைக்கும் பந்தயம் இவ்வளவுதான். ஒருவர் ஸலாம் கூறி, மற்றவர் பதில் கூறி, வீட்டாரின் நலம் விசாரித்து முடிப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிடும்.

குடும்ப நலனையும் தீனுடைய செய்திகளையும் பேசும் இந்தப் பக்கத்திற்கு மோட்டார் பந்தயம் எதற்கு என்று சிலர் வியக்கக் கூடும். வீட்டில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட மகனோ தம்பியோ உள்ளவர்கள் சற்றுப் பொறுமையுடன் தொடர்ந்து படித்தால் காரணம் தாமே விளங்கும்.

தெற்குக் கலிஃபோர்னியாவின் பாலைநிலத்தில் மூரக் என்னும் வறண்ட ஏரி ஒன்று உண்டு. நீரற்ற ஏரிப் படுகை, சிமெண்டுத் தரை போல் இறுகிப் பல மைல் பரந்து கிடக்கும். பழைய ஃபோர்டு கார்களை மலிவு விலைக்கு வாங்கி, மட்கார்டையும் கூரையையும் கழற்றி எடையைக் குறைத்து, எஞ்சினைத் தம் கையாலேயே திருத்தியமைத்த இளைஞர்கள் 1930களில் அங்கே கூடினர். அத்தகைய வண்டிகளுக்கு ‘ஹாட் ராட்’ என்று பெயர் வந்தது. 1937ஆம் ஆண்டு அவர்களுக்கென ஒரு சங்கமும் உருவாயிற்று. பிறகு இரண்டாம் உலகப் போர் மூண்டது. மூரக் ஏரி விமானப் படையின் வசமாயிற்று. இன்று எட்வர்ட்ஸ் விமானப் படைத் தளம் என்று உலகம் அறிவது அந்த இடமே.

போர் இந்த இளைஞர்களை மாற்றியது. டாங்கி, லாரி, விமானம் என எல்லா எஞ்சின்களையும் பிரித்துப் பூட்டக் கற்றுக்கொண்டு, கையில் சம்பளப் பணத்தோடும், அச்சம் என்பதை ஏறக்குறைய மறந்த உள்ளத்தோடும் அவர்கள் ஊர் திரும்பினர். ஏரியோ தொலைவில், வீட்டு வாசலிலேயே நல்ல சாலை. நள்ளிரவில் விளக்குக் கம்பங்களுக்கு இடையே பந்தயம் நடந்தது. பணம் கட்டினர், சிலர் வண்டியின் உரிமைச் சீட்டையே பணயமாக வைத்தனர். தோற்றவன் நடந்து வீடு போக வேண்டியதுதான். விபத்துகள் பெருகின. செய்தித்தாள்கள் ‘ஹாட் ராட்’ என்ற சொல்லையே குற்றவாளிக்கு உரிய பெயரைப் போல எழுதலாயின. காவல் துறை துரத்தியது, அபராதம் விதித்தது, வண்டிகளைப் பறிமுதல் செய்தது. பையன்கள் வேறு சாலைக்கு மாறிக்கொண்டனர்.

1949ஆம் ஆண்டு ஏப்ரலில் சாந்தா பார்பரா நகரை அடுத்த கோலீட்டா விமான நிலையத்தின் அருகே, ஃபிரான் ஹெர்னாண்டஸ் என்பவரும் டாம் காப்ஸ் என்பவரும் யாருடைய வண்டி மேலானது என்ற வழக்கை ஊரறியத் தீர்த்துக்கொண்டனர். வென்றவர் ஹெர்னாண்டஸ். ஒழுங்குபடுத்தி நடத்தப்பட்ட முதல் டிராக் பந்தயம் என்று பலரும் இதையே குறிப்பிடுவர். அடுத்த ஆண்டு, 1950இல், சி. ஜே. ஹார்ட் என்பவர் நண்பர்கள் இருவரோடு சேர்ந்து, சாந்தா ஆனா நகரின் விமான நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பந்தயம் நடத்த இடம் கேட்டுப் பெற்றார். கட்டணம் அரை டாலர். கட்டணம் பெற்று முறையாக நடத்தப்பட்ட முதல் ‘டிராக் ஸ்ட்ரிப்’ அதுவே. ஹார்ட் வெறும் வியாபாரியாக அங்கே வரவில்லை. அவரும் வண்டி ஓட்டியவர். அவருடைய மனைவி பெகி ஹார்ட்டும் அதே பாதையில் ஓட்டி ஆடவர்களை வென்றவர். தொடக்க நாட்களில் மோட்டார் சைக்கிள்கள் கார்களைத் தோற்கடித்து, ஹாட் ராட்காரர்களின் முகம் சிவக்கச் செய்ததும் அங்கேதான்.

போர் முடிந்தபோது அமெரிக்காவெங்கும் பயனற்றுக் கிடந்த விமானத் தளங்கள் ஏராளம். நீண்டு நேராக அமைந்த தரை, இருபுறமும் வெட்டவெளி, அண்மையில் வீடுகள் இல்லை. குண்டு வீசும் விமானங்களுக்காக இடப்பட்ட தளங்கள் ஊர்ப் பையன்களின் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு உதவின. போரின் மிச்சங்களில் இப்படிப் பயன்பட்டவை மிகச் சில என்றே எண்ணுகிறேன்.

இடம் கிடைத்ததால் மட்டும் காரியம் முடிந்துவிடவில்லை. அங்கே யார் வந்து நின்றார்கள் என்பதே நான் சொல்ல விரும்பும் செய்தி. 1948 ஜனவரியில் தொடங்கப்பட்ட ‘ஹாட் ராட்’ என்ற மாத இதழுக்கு ஆசிரியராக அமர்ந்தவர் வாலி பார்க்ஸ். வறண்ட ஏரிகளில் தாமே ஓட்டிப் பழகியவர். இந்தப் பையன்களைத் திட்டுவதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், சேர்ந்து நிற்பதற்கு ஒருவரும் இல்லை என்று கண்ட அவர், 1951ஆம் ஆண்டு தேசிய ஹாட் ராட் சங்கத்தைத் தொடங்கினார். அதைவிட எனக்கு வியப்பளிப்பது பொமோனா நகரக் காவல் துறையின் செயல். சாலையில் பிடிபடும் இளைஞர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்துக் களைத்துப் போன அத்துறையின் தலைவர் ரால்ஃப் பார்க்கரும், பட் கூன்ஸ் என்ற சார்ஜண்டும், மாவட்டக் கண்காட்சித் திடலின் வாகன நிறுத்தத்தைப் பந்தயத்திற்குப் பெற்றுத் தந்தனர். 1953 ஏப்ரலில் சங்கத்தின் முதல் அதிகாரபூர்வமான பந்தயம் நடந்தது அங்கேதான். துரத்திக்கொண்டிருந்த காவலரே தொடக்கக் கோட்டின் அருகில் வந்து நின்றார்!

அடுத்த ஆண்டு அதே பட் கூன்ஸ் தலைமையில் நால்வர் ஒரு காரும் அதன் பின்னே ஓர் இழுவை வண்டியுமாகப் புறப்பட்டனர். நேரம் குறிக்கும் கருவிகள், தொலைபேசிக் கம்பி, கூடாரம் எல்லாம் அதற்குள். ஊர் ஊராகச் சென்று, காவல் அதிகாரிகளையும் பெற்றோரையும் சந்தித்துப் பேசி, கிடைத்த விமானத் தளத்தில் பாதை குறித்து, பந்தயத்தை எப்படி நடத்துவது என்று செய்து காட்டிவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். ஓடுவதற்கு முன் ஒவ்வொரு வண்டியும் பரிசோதிக்கப்படும். பிரேக் பிடிக்கின்றதா, சக்கரம் இறுகியிருக்கின்றதா, இருக்கைப் பட்டை உண்டா, தலைக்கவசம் உண்டா என்று பார்ப்பர். குறை இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவர். சாலையில் எவருடைய சொல்லையும் கேளாத இளைஞன் இங்கே வாய் திறவாமல் வரிசையில் நின்றான். ஏனெனில் தன் வண்டியைத் தொட்டுப் பார்ப்பவர் வண்டியை அறிந்தவர் என்பது அவனுக்குத் தெரியும்.

1955ஆம் ஆண்டு செப்டம்பர் இறுதியில் நாட்டின் முதல் தேசியப் போட்டி கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் என்ற ஊரில் நடந்தது. போர்க்காலத்தில் பி-29 விமானிகள் பயிற்சி பெற்ற தளம் அது. பல மாநிலங்களிலிருந்தும் வண்டிகளை இழுத்துக்கொண்டு வந்து சேர்ந்தனர். மழை பிடித்துக்கொண்டது. இறுதிச் சுற்றை நடத்த இயலாமல், நவம்பரில் அரிசோனாவின் ஃபீனிக்ஸ் அருகே எஞ்சிய ஆட்டத்தை முடித்தனர். கால்வின் ரைஸ் என்பவர் முதல் தேசிய வெற்றியாளர் ஆனார்.

இப்பந்தயங்களில் எல்லா வண்டிகளையும் ஒன்றாக நிறுத்துவதில்லை. எடையும் எஞ்சினின் கொள்ளளவும் பார்த்து வகுப்பு வகுப்பாகப் பிரிப்பர். இதைப் படித்தபோது, மத்ரஸாவில் நாங்கள் பாடம் நடத்தும் ஒரு ஹதீஸ் என் நினைவுக்கு வந்தது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மதீனாவில் குதிரைப் பந்தயம் நடத்தினார்கள். ‘இள்மார்’ என்னும் முறையில் பயிற்றப்பட்ட குதிரைகள், அதாவது நன்கு தீனியிட்டுக் கொழுக்க வைத்துப் பின்னர் தீனியைக் குறைத்து, போர்வை போர்த்தி வியர்க்க விட்டு மெலிந்த உறுதிக்குக் கொண்டுவரப்பட்ட குதிரைகள், ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா வரை ஓடின. ஐந்து அல்லது ஆறு மைல் தூரம் என்று அறிவிப்பாளர் சுஃப்யான் அவர்கள் விளக்குகிறார்கள். பயிற்றப்படாதவற்றுக்கு ஸனிய்யாவிலிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை, ஒரு மைல் அளவு மட்டுமே. ஆற்றலுக்கேற்ற தூரம், ஆற்றலுக்கேற்ற வகுப்பு.

இதை அறிவிப்பவர் யார்? கலீஃபா உமர் (ரலி) அவர்களின் மகனார் அப்துல்லாஹ் (ரலி). உஹதுப் போரின்போது பதினான்கு வயது என்று திருப்பி அனுப்பப்பட்டு, அகழ்ப் போரின்போது பதினைந்தில் ஏற்றுக்கொள்ளப்பட்ட அதே இளைஞர். அந்தப் பந்தயத்தில் தாமும் குதிரை ஓட்டியதை அவர்கள் கூறியிருக்கிறார்கள். தம் குதிரை எல்லையில் நில்லாமல் பள்ளிவாசலின் சுவரையே தாண்டிவிட்டதையும் கூறியிருக்கிறார்கள். அவர்கள் எண்பது வயதைக் கடந்து வாழ்ந்தவர்கள். தொழுகை, ஹஜ், கொடுக்கல் வாங்கல் என எண்ணற்ற மார்க்கச் சட்டங்களைச் சமுதாயத்திற்கு ஒப்படைத்தவர்கள். அவற்றோடு கூட, இளமையில் குதிரை சுவர் தாண்டிய செய்தியும் பத்திரமாக நம்மை வந்து அடைந்திருக்கிறது. இமாம் புகாரியும் இமாம் முஸ்லிமும் இந்தப் பந்தயத்தைப் பதிவு செய்திருக்கிறார்கள். பாதையைக் குறித்தவர்களும், தூரத்தை வகுத்தவர்களும், பந்தயத்தை நடத்தியவர்களும் அண்ணலார் (ஸல்) அவர்களே என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

பந்தயம் என்றாலே ஹராம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோர் இதைக் கருத வேண்டும். இரு தரப்பாரும் பணம் கட்டி, வென்றவர் அள்ளிக்கொண்டு போவது சூது. அதில் நம் இமாம்களின் நிலை தெளிவானது. குதிரை, ஒட்டகம், அம்பு ஆகியவற்றுக்கு அப்பால் பரிசு வைக்கலாமா என்பதில் ஃபிக்ஹு நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. உயிரைத் தன் கையால் அழிவில் போடுவதைக் குர்ஆன் தடுத்திருப்பதை எவரும் மறுக்க இயலாது. இவ்வளவும் உண்மை. ஆயினும் வேகத்தின் மீது இளைஞனுக்கு உள்ள ஆசையை மார்க்கம் ஒரு நோயாகக் கருதவில்லை. அதற்கு ஓர் எல்லைக் கோடு வரைந்து கொடுத்தது.

நம் பிள்ளைகளுக்கு யார் வரைந்து கொடுக்கிறார்கள்? நோன்பு மாதத்தில் தராவீஹ் முடிந்து பெரியவர்கள் வீடு திரும்பியபின் புறவழிச் சாலைகளில் என்ன நடக்கின்றது என்பது நம் ஊர்களில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது போல் இருப்பதே வழக்கமாகிவிட்டது. என்னிடம் ஏழு ஆண்டுகள் ஓதிய ஒரு பிள்ளையின் ஜனாஸாவை நான் தொழ வைத்தேன். வயது பத்தொன்பது. இரவு ஒரு மணிக்கு இரண்டு பைக்குகள் போட்டியிட்டு ஓடியதில், நின்றுகொண்டிருந்த லாரியில் மோதி அவன் போய்விட்டான். கபுரில் மண் தள்ளிக்கொண்டிருந்த அவனுடைய வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ராத்திரியில் எங்கே போகிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லையே, ஹஜ்ரத்” என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது?

அடுத்த ஜும்ஆவில் வேகமாக வண்டி ஓட்டுவோரைக் கண்டித்து மிம்பரிலிருந்து பேசப்பட்டது. ஜமாஅத்தின் சார்பில் அறிவிப்பும் பலகையில் ஒட்டப்பட்டது. கேட்க வேண்டியவர்கள் வெளிப்பள்ளியின் கடைசி ஸஃப்பில் இருந்தார்கள். ஸலாம் கொடுத்ததும் முதலில் உறுமிக்கொண்டு புறப்பட்டவை அவர்களுடைய வண்டிகளே. அறிவிப்பு வேண்டாம் என்று நான் கூறவில்லை. பொமோனாவின் காவலரும் முதலில் சீட்டுத்தான் எழுதினார். ஆனால் நம்மில் எந்தப் பெரியவர் அந்த வண்டிகளின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, “பிரேக்கைக் காட்டு பார்க்கலாம்” என்று கேட்டிருக்கிறார்? மஹல்லாவில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இல்லாத ஊர் உண்டா? அவர்களில் ஒருவருக்குக் கூட நாம் இந்தப் பொறுப்பைக் கொடுத்ததில்லை. பிள்ளைகளின் பேச்சில் பாதி நேரம் எஞ்சினைப் பற்றியே இருக்க, நம் அறிவுரைகளில் எஞ்சின் என்ற சொல்லே வருவதில்லை.

நம் மாநிலத்திற்கு இந்த வரலாறு முற்றிலும் அந்நியமானதும் அன்று. சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளம் ஒன்று இருந்தது. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பல்லாண்டு காலம் அங்கே கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களை நடத்தியது. அறுபது வயதைக் கடந்த வாசகர்கள் பலர் வெயிலில் நின்று அவற்றைப் பார்த்திருப்பார்கள். பின்னர் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் நிலையான ஓடுதளம் அமைந்து 1990இல் திறக்கப்பட்டது. உரிமம், பரிசோதனை, தலைக்கவசம், மருத்துவ வண்டி ஆகியவற்றோடு வேகத்தைப் பழக நம் மாநிலத்திலேயே வழி உண்டு என்பதையாவது பிள்ளைகளிடம் சொல்லலாம். செலவு மிகுதி என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஓர் ஆசையின் உண்மையான விலையை அறிவதும் இளைஞனுக்குப் பாடமே.

அமெரிக்காவில் அந்தப் பாதைகளின் கதை இன்பமாகவே முடிந்தது என்று எவரும் கருத வேண்டாம். சாலைப் பந்தயம் அங்கே முற்றாக ஒழிந்துவிடவுமில்லை. ஹார்ட்டின் சாந்தா ஆனா பாதை 1959இல் மூடப்பட்டது. விமான நிலையம் வளர்ந்துவிட்டது. இன்று ஜான் வெயின் பெயர் தாங்கிய பெரிய நிலையம் அது. லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்தை ஒட்டி 1955இல் லயன்ஸ் சங்கங்களின் ஆதரவில் ஒரு பாதை தொடங்கியது. நம் ஊர்களில் இலவசக் கண் சிகிச்சை முகாம் நடத்தும் அதே லயன்ஸ் சங்கம்தான். பையன்களைச் சாலையிலிருந்து அகற்றவே அவர்கள் அதை அமைத்தனர். கடற்காற்றின் குளிர்ச்சியில் எஞ்சின்கள் அங்கே கூடுதல் வலிமை காட்டும் என்பர். காலப்போக்கில் சுற்றிலும் வீடுகள் பெருகின. சப்தம் பொறுக்க முடியவில்லை என்று மனுக்கள் குவிந்தன. நிலம் துறைமுகத்துக்கு உரியது. 1972 டிசம்பர் 2ஆம் நாள் கடைசிப் பந்தயம். கூட்டம் அளவு கடந்தது. அப்போது அதன் நிர்வாகியாக இருந்தவர் யார் என்றால், இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் சாந்தா ஆனாவில் அரை டாலர் வாங்கி வாயிலைத் திறந்த அதே சி. ஜே. ஹார்ட்.

அந்த லயன்ஸ் பாதையில்தான் 1970 மார்ச் 8ஆம் நாள் டான் கார்லிட்ஸ் என்ற புகழ்பெற்ற ஓட்டுநருக்குப் பெரும் விபத்து நேர்ந்தது. ஃபுளோரிடாவைச் சேர்ந்தவர், 1964இல் மணிக்கு 200 மைல் வேகத்தை அதிகாரபூர்வமாகக் கடந்தவர். அக்காலத்து வண்டிகளில் எஞ்சின் முன்னே, ஓட்டுநர் அதற்குப் பின்னே. எண்ணெயும் நெருப்பும் எது வெடித்தாலும் ஓட்டுநரின் மேல்தான் வந்து விழும். அன்று கியர்ப் பகுதி வெடித்து வண்டி இரண்டாகப் பிளந்தது. வலது பாதத்தின் ஒரு பகுதி போயிற்று. பார்வையாளர் ஒருவரும் படுகாயமுற்றார். மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடியே கார்லிட்ஸ், எஞ்சினை ஓட்டுநருக்குப் பின்னால் வைப்பது எப்படி என்று வரைந்தார். மறு ஆண்டே அப்படிப்பட்ட வண்டியில் வந்து பொமோனாவில் வென்றார். சில ஆண்டுகளுக்குள் முன்பக்க எஞ்சின் வண்டிகள் உயர்நிலைப் பந்தயத்திலிருந்து மறைந்தன. எத்தனை ஓட்டுநர்களின் உயிரை அந்தக் கோட்டோவியம் காத்தது என்பதை அல்லாஹ்வே அறிவான். அப்படியும் ஆபத்து ஓயவில்லை. 2008 ஜூனில் நியூ ஜெர்சியின் இங்கிலீஷ்டவுன் பாதையில் ஸ்காட் கலிட்டா என்பவர் உயிரிழந்தபின், மிக வேகமான இரு வகுப்புகளுக்குக் கால் மைலையே குறைத்து 1000 அடி ஆக்கினர். அந்தப் பாதையிலும் டிராக் பந்தயம் 2018இல் நிறுத்தப்பட்டது.

கலிஃபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டு நகருக்கு வடக்கே ஃபமோசோ என்ற இடத்தில் மற்றொரு போர்க்கால விமானத் தளம் பந்தயப் பாதையாக எஞ்சியிருக்கிறது. 1959ஆம் ஆண்டு கார்லிட்ஸ் ஃபுளோரிடாவிலிருந்து நாட்டின் குறுக்கே வண்டியை இழுத்து வந்து ஓட்டிய இடம். 1992இல் பழைய ஓட்டுநர்களின் சந்திப்பு ஒன்றை அங்கே தொடங்கினர். வாலி பார்க்ஸ் 2007இல் தமது தொண்ணூற்று நான்காம் வயதில் மறைந்தார். மாலை மங்கியபின், ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய வண்டிகளைப் பளபளவென்று புதுப்பித்து வரிசையாகக் கொண்டுவருவர். ஓட்டுநர் இருக்கையில் முதியவர். பின்னால் மற்றொரு வண்டி முட்டித் தள்ளும். பல வேளைகளில் அதை ஓட்டுபவர் மகனாகவோ பேரனாகவோ இருப்பார். எஞ்சின் பற்றிக்கொள்ளும், நைட்ரோமீத்தேன் எரிபொருளின் நெடியில் சுற்றி நிற்போர் கண்களில் நீர் வடியும், புகைக் குழாய்களிலிருந்து மஞ்சள் சுவாலை இருட்டில் எழும்பும். ஒரு வண்டியும் ஓடுவதில்லை. நின்ற இடத்திலேயே சில நிமிடங்கள் உறுமிவிட்டு, எரிபொருள் தீர்ந்ததும் ஒவ்வொன்றாக அடங்கும். பிறகு பேரன் வந்து தலைக்கவசத்தின் பட்டையை அவிழ்த்துவிட, முதியவர் அவன் தோளைப் பற்றிக்கொண்டு வெளியே இறங்குவார்.